ஐந்து சீட்டா, ஏழு சீட்டா, அக்கா?

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் அக்காவுக்கு,

புதுக் கார் வாங்கப்போகிறோம். இதை உன்னிடம் சொல்லாமல் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி நான் எந்தக் காலத்தில் தப்பியிருக்கிறேன்? எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். உன் மகன் ரோஷன் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுகிறான். எனக்கு மட்டும்தான் கொஞ்ச நாளாகத் தொண்டையில் எதுவோ அடைத்த மாதிரி இருக்கிறது.

கரண்டில் ஓடும் கார் அக்கா. நீ கேட்டதுதான். பெட்ரோல் கிடைக்காத அந்த வருடம், உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக மச்சான் பெட்ரோல் ஷெட் வரிசையில் காருக்குள்ளேயே படுத்து எழும்பினாரே, அப்போது சொன்னாய். "கரண்டுல ஓடுற பெரிய காரா ஒண்ணு வாங்கணும்டி. எல்லாரும் கால நீட்டி ஒக்காந்துகிட்டுப் போகணும்." புற்றுநோய் உன்னை அதுவரைக்கும் விட்டுவைக்கவில்லை. வாகன இறக்குமதி மறுபடியும் திறந்து, கூரையில் சோலார் போட்டு, மச்சானின் மிளகு, கராம்பு வியாபாரமும் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு இப்போதுதான் அந்தப் பேச்சு திரும்ப வந்தது.

நீ போனதிலிருந்து நானும் அம்மாவும் அலுவிகாரையில் உன் வீட்டில்தான் இருக்கிறோம், பிள்ளைகளுக்குத் துணையாக. அது உனக்குத் தெரிந்திருக்கும். நம் பழைய காரில் என்ன நடக்கிறது என்பது தெரியுமா?

மச்சானுக்குப் பக்கத்தில் நீ உட்காரும் முன் சீட்டில் இன்றுவரைக்கும் யாரும் உட்கார்ந்ததில்லை. யாரும் சட்டம் போடவில்லை. உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்து முதல்முறை காரை எடுத்தபோது, கோயிலுக்குப் போகையில் நீ மடியில் வைத்துக்கொள்ளும் நீல வயர்க் கூடையை மச்சான் அந்தச் சீட்டில் வைத்தார். நானும் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேருமாக நாலு பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம். அதுவே பழக்கமாகிவிட்டது. கடைக்குப் போனாலும் கலியாணத்துக்குப் போனாலும் கூடை முன்னால் மகாராணி மாதிரி வரும், நாங்கள் பின்னால் டின்மீன் மாதிரி நசுங்கி வருவோம். உன் மகள் தர்ஷி இப்போது என் உயரம் வளர்ந்துவிட்டாள். அம்மாவின் முழங்கால் இன்னும் மோசம். இனி அந்தக் காரில் முடியாது.

கண்டி ரோட்டில் ஒரு கார் சேல் கடையில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. சாம்பல் நிறத்தில் ஒன்று, ஏழு சீட்டு. வெள்ளை நிறத்தில் ஒன்று, ஐந்து சீட்டு. எதை எடுப்பது?

நீயாக இருந்தால் உள்ளே ஏறிப் பார்த்து, ஏசியைப் போட்டுப் பார்த்து, "இதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பாய். நாங்கள் அப்படியா? மச்சானுக்குச் சாம்பல்தான் பிடித்தது. காரணம் அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஏழு சீட்டு இருந்தால் நாங்கள் நாலு பேரும் பின்னால் விசாலமாக உட்காரலாம். உன் சீட்டு எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். வெள்ளை என்றால் பின்னால் மூன்று பேர்தான். யாராவது ஒருவர் முன்னால் ஏறியே ஆக வேண்டும்.

எனக்கு வெள்ளைதான் பிடித்தது அக்கா.

ஒரு சனிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே ஓட்டிப்பார்க்கப் போனோம். முதலில் சாம்பல். உடைத்த தேங்காய், வாழைப்பழம் எல்லாம் நிறைந்திருந்த கூடையை மச்சான் பழைய காரிலிருந்து எடுத்துவந்து முன் சீட்டில் வைத்தார். கை தானாகச் செய்த வேலை அது. சேல்ஸ் தம்பி, நல்ல பையன், முன் கதவைத் திறந்தபடி கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அங்கிள், அது அம்மா சீட்டு," என்றான் ரோஷன்.

"அம்மா வாறாங்களா? வெயிட் பண்ணுவமா?"

மச்சான் ஸ்டியரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். பாவம், அவருக்கு ஏதோ புரிந்து, சத்தமில்லாமல் கடைசி வரிசைக்குப் போய் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே பேட்டரியைப் பற்றி விளக்கம் சொன்னார். நீ பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய்.

வண்டி சத்தமேயில்லாமல் கிளம்பியது. ஆனால் ரோட்டில் ஏறியதுமே 'டிங் டிங்' என்று அடிக்கத் தொடங்கி நிற்கவேயில்லை. மச்சான் ஓரமாக நிறுத்தினார்.

"முன் சீட்டுல வெயிட் இருக்கு சேர். ஆள் இருக்குறதா நெனச்சி பெல்ட் போடச் சொல்லுது. அந்தக் கூடைய எடுத்துப் பின்னுக்குக் குடுத்தா சரி," என்றார் தம்பி.

மச்சான் கூடையை எடுக்கவில்லை. எட்டி பெல்ட்டை இழுத்து, கூடையைச் சுற்றிப் போட்டு, பூட்டிவிட்டார். சத்தம் நின்றது. கார் நம்பிவிட்டது அக்கா, அங்கே நீ இருக்கிறாய் என்று.

மறுபடி கிளம்பினோம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தர்ஷிதான் பேசினாள். "அப்பா, அம்மாவக் கட்டி வைக்காதீங்க."

அவ்வளவுதான். பிறகு விம்மி விம்மி அழுதாள். நீ போன அன்றுகூட அந்தப் பிள்ளை அப்படி அழவில்லை. மச்சான் வண்டியைத் திருப்பினார்.

அடுத்தது வெள்ளை. சேல்ஸ் தம்பி, "நீங்களே ஒரு ரவுண்ட் போய்ட்டு வாங்க சேர்," என்று ஒதுங்கிக்கொண்டார். தர்ஷி கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். முன் சீட்டு வெறுமையாக இருந்தது. தம்பி எனக்காகக் கதவைத் திறந்துபிடித்து, "மிஸ், நீங்க முன்னுக்கு ஏறுங்க," என்றார். அவர் என்னை யாரென்று நினைத்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நான் மனைவியில்லை, மனைவியின் தங்கச்சி என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் சொல்லவில்லை. என் கை போய்க் கதவைப் பிடித்துவிட்டது, ஒரு காலையும் உள்ளே வைத்துவிட்டேன்.

தர்ஷி பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சும்மா பார்த்தாள். நான் காலை எடுத்துவிட்டு, "அம்மா, ஒங்களுக்குத்தான் முழங்கால் வலி, நீங்க ஏறுங்க," என்றேன். அம்மா ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். "அவ சொன்ன மாதிரி சொகமாத்தான் இருக்கு," என்றாள்.

இப்போது அந்த அடைப்பு என்னவென்று சொல்கிறேன். அக்கா போனால் தங்கச்சியைக் கட்டிவைப்பது நம் சொந்தத்தில் புதிதில்லை. பொங்கலுக்குப் பிறகு அம்மா அதைச் சாடையாகத் தொடங்கி, இப்போது நேராகவே கேட்கிறாள். "வேற எவளோ வந்து புள்ளைங்களுக்குச் சோறு போடுறதுக்கு, நீயே போட்டா என்ன?" மச்சான் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நான் "பாப்போம்" என்கிறேன். ஊரில் கேட்பவர்கள், பிள்ளைகளுக்காக இவள் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறாள் என்று என்னைப் புகழ்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை அக்கா. பல்லேபொலவில் மிளகு எடுத்துவிட்டு அவர் வரும் கார்ச் சத்தம் கேட்டால் என் கை கண்ணாடியைத் தேடுகிறது. எப்போது தொடங்கியது என்று கேட்காதே. நீ இருந்தபோது இல்லை, அதை மட்டும் நம்பு. உன் பிள்ளைகளை வளர்த்தேன், உன் அடுப்பை எரித்தேன், அதற்கெல்லாம் நீ என்னைக் கும்பிடுவாய். இதற்கு?

அன்று வீட்டுக்கு வந்த பிறகும் மச்சான், "சாம்பலையே எடுப்போம்," என்றார். நான் கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். வெள்ளை ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் ஓடும். சாம்பலில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் பின்னால் ஒரு சாக்குக்கூட வைக்க முடியாது. பல்லேபொலப் பக்கத்துக் குறுக்கு ரோட்டுக்கு வெள்ளைதான் அடி தட்டாது. எல்லாமே உண்மை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த உண்மைகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதுதான் பாவம்.

மச்சான் கடைசிவரைக்கும் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி அன்றே வெள்ளைக்குப் பதிந்துவிட்டார். அவருக்கும் ஏதாவது புரிந்திருக்குமா அக்கா? புரிந்துதான் சரியென்றாரா? உன்னிடம் போய் இதைக் கேட்கிறேன் பார்.

மறுநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தர்ஷி வந்து பக்கத்தில் நின்றாள்.

"சித்தி, வெள்ளையில முன்னுக்கு யாரு ஒக்காருவாங்க?"

"நீதான்," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு வெண்டைக்காயை எடுத்துக் கடித்துக்கொண்டு போனாள். அவள் உன் மகள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

கார் அடுத்த மாதம் வரும். கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்போம். முன்னால் குங்குமம் வைக்க வேண்டியவள் வீட்டுக்காரி. அன்றைக்கு அதைத் தர்ஷிதான் வைப்பாள். உன் கூடை அவள் மடியில் வரும். பெல்ட் அவளுக்குத்தான், கூடைக்கு இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா அழுதாலும், ஊர் புகழ்ந்தாலும், மச்சானே வாய்விட்டுக் கேட்டாலும், நான் பின் சீட்டில்தான் வருவேன். ஒருநாள் உன் மகள் தானாக இறங்கி, அந்தக் கதவைத் திறந்துபிடித்து, "சித்தி, நீங்க ஏறுங்க," என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யாருக்கும் சரியென்று சொல்லமாட்டேன். அவளிடம் கேட்கமாட்டேன், சாடை காட்டமாட்டேன், யாரையும் சொல்லவைக்கவும் மாட்டேன். அவள் சொல்லவேயில்லை என்றால், நான் கடைசிவரைக்கும் சித்திதான்.

ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் முன்னால் நின்று, அவள் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் கும்பிடப்போகிறேன். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்.

பின் சீட்டில் நடுவில், அம்மாவுக்கும் உன் மகனுக்கும் இடையில் வரப்போகும்
உன் தங்கச்சி
செல்வி