வாளிச் சோஸும் வெள்ளைச் சோறும்

13 மார்ச் 2006, திங்கள்

ஒருமாதிரிச் சமையல்காரியாகிவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மற்றவர்களுடைய தரையைத் துடைத்தவள், இப்போது தாச்சிச் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன். சட்டையில் பெயர்கூடத் தைத்துத் தந்திருக்கிறார்கள். பேர்பெச்சுவா என்பது நீளமாம். 'பெப்பி' என்று தைத்திருக்கிறார்கள். போகட்டும்.

கடை ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட. அமெரிக்கக் கம்பனி, விற்பது சீனச் சாப்பாடு, தின்பது ஜெர்மன்காரர், சமைப்பது மன்னார்க்காரி. கடையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயரில் ஒரு டிராகன் இருக்கிறது, வாசலில் பிளாஸ்டிக்கில் இன்னொன்று இருக்கிறது.

சமையல் என்றால் சமையல் இல்லை. சோஸ் வாளியில் வருகிறது. கோழி பொரித்து, உறைந்து, பெட்டியில் வருகிறது. கோழியைச் சூடாக்கி, வாளியைத் திறந்து ஊற்றிப் பிரட்ட வேண்டும். அதற்குப் பெயர் 'ஒரிஜினல் சக்கரவர்த்திக் கோழி'.

மேலாளர் பிரௌ கெஸ்லர் நல்ல மனுஷி மாதிரித்தான் தெரிகிறார். வேலைக்குப் புறோபசைட் ஆறு மாதம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். அனுப்ப விடமாட்டேன். இந்தத் தாச்சி என்னுடையது.

17 மார்ச், வெள்ளி

தவக்காலம். இறைச்சி தொடுவதில்லை. கடையின் பின்பக்கத்தில் என் குட்டிச் சோற்றுக் குக்கரை வைத்திருக்கிறேன். மத்தியானம் வெள்ளைச் சோறும் வீட்டிலிருந்து கொண்டுபோகும் பருப்பும். கோழியின் மணத்துக்குள் நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரு துண்டுகூட வாயில் போடாமல் இருக்கிறேன். என்னுடைய வைராக்கியத்தை நானே மெச்ச வேண்டியதுதான்.

ஒரு கிழவர் கேட்டார், நீங்கள் சீனாவா என்று. சமையலறை திறந்த மாதிரி, எல்லோரும் என்னைப் பார்க்கலாம். இல்லை, மன்னார் என்றேன். பிரௌ கெஸ்லர் பிறகு கூப்பிட்டு, அப்படிக் கேட்டால் சிரித்தால் போதும் என்றார். தொப்பியையும் கொஞ்சம் கீழே இழுத்துப் போடட்டாம். தொப்பியை மேலே தள்ளிவிட்டேன்.

18 ஏப்ரல், செவ்வாய்

உயிர்த்த ஞாயிறு முடிந்தது. இன்றைக்குத்தான் முதல்முறை நான் சமைத்த கோழியை நான் வாயில் வைத்தேன்.

துப்பிவிட்டேன்.

உப்பு. உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான், உப்பு எனக்குப் பகையில்லை. ஆனால் இது சாப்பாடு இல்லை, கருவாட்டுக்குப் போடுகிற உப்பு. இதையா இவ்வளவு நாளும் ஊற்றிக் கொடுத்தேன்? இறைச்சி தொடாமல் இருப்பது புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு, ருசி பாராமல், சிரித்துச் சிரித்துத் தட்டில் போட்டேனே. ஒவ்வொருவரும் இரண்டாவது கோலா கேட்டபோது ஜெர்மன்காரர் நல்லாய்க் குடிப்பார்கள் என்றல்லவா எண்ணினேன். ஊரிலே விசேஷத்துக்குச் சமைக்கிறவள் ருசி பாராமல் சட்டியை இறக்கினால் கரண்டியைப் பறித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என் மனுசன் இன்னாசித்தம்பிக்கு எதற்கும் ஒரு பழமொழி இருக்கும்.

"இஞ்சாரும், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சும்மாவே சொன்னவை?"

"உப்புக் கூடினாலும் குப்பையிலதான் கொட்டுறது."

"வாளியில வாறதை ஊத்திப்போட்டு வாரும். புறோபசைட் முடியும்வரைக்கும் வாயைத் திறவாதையும்."

இரண்டு நாள் யோசித்துப் பார்க்கலாம். இல்லை, யோசிக்க என்ன இருக்கிறது?

25 ஏப்ரல், செவ்வாய்

பிரௌ கெஸ்லரிடம் நேரே சொன்னேன், சோஸில் உப்பு அதிகம் என்று. சோஸ் அமெரிக்காவில் தீர்மானித்தது, அதில் கைவைக்க முடியாது, அதுதான் ஒரிஜினல் என்றார்.

சோஸ் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூட வைக்கிற சோற்றையும் உப்பும் சூப்புத் தூளும் போட்டு அவித்து, மறுபடி சோயா சோஸில் வறுக்கிறார்கள். உப்புக்குத் தொட்டுக்கொள்ள உப்பு. எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்பே போடுவதில்லை. கறி உறைப்பாய், உப்பாய் இருக்கும், சோறு அதை ஆற்றும். இங்கே ஆற்றுவதற்கு ஒன்றுமில்லை, கோலாவைத் தவிர.

தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சோஸ் கோழியில் ஒட்டவில்லை, கோழி குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

4 மே, வியாழன்

பிடிபட்டேன்.

கறியில் உப்புக் கூடினால் என்ன செய்வோம்? உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவோம், அது உப்பைக் குடிக்கும். ஒரு கிழமையாக அதைத்தான் செய்தேன். காலையில் யாரும் வர முன்னம் சோஸைப் பானையில் ஊற்றி, கிழங்கைப் போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு கிழங்கை எடுத்துவிடுவேன். எடுத்த கிழங்கு பொன்னிறமாக, நல்ல ருசி. நானே சாப்பிட்டேன்.

இன்றைக்கு ஒரு துண்டு தப்பிவிட்டது. போயும் போயும் ஒரு ஜெர்மன்காரரின் தட்டில் போய் விழுந்தது. வேறு எந்த மரக்கறியாக இருந்தாலும் சீனாவிலிருந்து வந்தது என்று நம்பியிருப்பார். அன்றைக்கு என்னைச் சீனாவா என்று கேட்ட அதே கிழவர். முள்ளுக்கரண்டியில் குத்தித் தூக்கிப் பிடித்து, இது கர்ட்டோபல், கிழங்கு அல்லவா என்று கடை முழுக்கக் கேட்கக் கேட்டார். பிரௌ கெஸ்லர் ஓடிவந்தார். கிழவர் அடுத்து, இன்னும் இரண்டு துண்டு கிடைக்குமா என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பிரௌ கெஸ்லர் சிரிக்கவில்லை. முதல் எச்சரிக்கை. இனி வாளியில் கைவைத்தால் வேலை இல்லை.

சரி. வாளியில் கைவைக்க மாட்டேன். சோற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

19 மே, வெள்ளி

இன்று ஒரு சீனப் பெண் வந்தாள். உண்மையான சீனப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். பெயர் லின். சக்கரவர்த்திக் கோழியை இரண்டு வாய் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது.

"எங்கள் ஊரில் இப்படி ஒரு கோழி இல்லை. இதை இங்கேதான் பார்க்கிறேன்."

வெட்கமாய்ப் போய்விட்டது. எனக்கு ஏன் வெட்கம்? ஊற்றியது என் கை, அதனால்தான்.

பின்பக்கம் போய் என் மத்தியானச் சோற்றில் பாதியை ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். இதோடு சேர்த்துச் சாப்பிடு, கோழி கொஞ்சம், சோறு நிறைய என்றேன். அவள் முதலில் வெறுஞ்சோற்றை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உப்பு இல்லை," என்றாள்.

"நாங்கள் போடுவதில்லை."

"நாங்களும்தான்."

கோப்பையைத் துடைத்த மாதிரிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் முழுக்க அரைவயிறுதான், ஆனாலும் பசி தெரியவில்லை.

26 மே, வெள்ளி

லின் ஒரு மேசைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் வெள்ளைச் சோறு கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துத் தங்களுக்கும் கேட்டார்கள். பெரிய குக்கரில் உப்பும் தூளும் போடாமல் தனியாக ஒரு தடவை வைத்துவிட்டேன். சோற்றை மலையாகக் குவித்து, கோழியை ஓரத்தில் வைத்தேன். பிரௌ கெஸ்லர் பார்த்தார், மேசைகளையும் பார்த்தார், கல்லாப் பக்கம் போய்விட்டார்.

13 ஜூன், செவ்வாய்

உலகக் கோப்பை. தெருவெல்லாம் கொடி, கடைக்குள் நிற்க இடமில்லை. வெள்ளைச் சோறு கேட்டு வருகிறார்கள். அந்தக் கிழவரும் வாறார், இன்னும் கிழங்கு கேட்கிறார்.

நான் சந்தோஷமாக இருந்தேன். பிரௌ கெஸ்லர் பின்பக்கம் கூப்பிட்டார். ஆட்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் குடிபானம் குறைந்துவிட்டது, ஃபிராங்க்ஃபுர்ட் தலைமையகத்திலிருந்து கேட்கிறார்கள் என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உப்பு கை தவறி விழுந்ததில்லை. வேணுமெண்டே போட்டது. தாகம்தான் அவங்கட வியாபாரம்.

"உங்களைப் பிடிக்கும் பெப்பி," என்றார். "அந்த வெள்ளைச் சோற்றை நிறுத்துங்கள். இந்த மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்."

நிறுத்துவேனா? இந்த வேலை போனால் மறுபடி வாளியும் துடைப்பமும்தான். அது எனக்குத் தெரியாதா? இப்போதும் வாளிதானே.

நாளைக்கும் வைக்கப்போகிறேன்.

27 ஜூன், செவ்வாய்

மேலிடத்து அமெரிக்கர் வந்தார். உயரமானவர், மரியாதையானவர், கையில் ஒரு வெப்பமானி. பெரிய குக்கரைத் திறந்து, இது என்ன என்றார்.

"சோறு."

"இது எங்கள் சோறு இல்லை."

சீனர்கள் வந்து இதைத்தான் கேட்கிறார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்லுவதுபோலச் சொன்னார், பிரௌ கெஸ்லர் மொழிபெயர்த்தார். எங்கள் சக்கரவர்த்திக் கோழி எந்த நகரத்தில் சாப்பிட்டாலும் ஒரே ருசி, அதுதான் ஒரிஜினல் என்பதன் பொருள், நீங்கள் அதைக் கெடுக்கிறீர்கள்.

என்னுடைய ஜெர்மனில் கேட்டேன், நீங்கள் இதை வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா என்று. பிரௌ கெஸ்லர் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயருங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

ஒரு தட்டில் கோழியைப் போட்டு, வாளியை நிறைய ஊற்றி, அவருக்கு முன்னால் வைத்தேன். சாப்பிடுங்கோ, என்றேன், தமிழில். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஒரு வாய் சாப்பிட்டார். நல்லது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு கோலாப் போத்தலைத் திறந்தார்.

அந்தச் சோறு முழுவதையும் குப்பையில் கொட்டச் சொன்னார்கள். கொட்டமாட்டேன் என்றேன். சோற்றைக் கொட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. குக்கரோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில், அந்தப் பிளாஸ்டிக் டிராகனுக்குப் பக்கத்தில் நின்று, கொடி பிடித்துக்கொண்டு போன பொடியங்களுக்குப் பேப்பர்த் தட்டில் போட்டுக் கொடுத்தேன். முடியும் மட்டும் நின்று கொடுத்தேன்.

28 ஜூன், புதன்

இனி வரவேண்டாமாம். காரணம் சொல்லத் தேவையில்லையாம். பெப்பி என்று தைத்த சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். என் குட்டிக் குக்கரை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

இவர் சாப்பாட்டு மேசையில், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேணுமெண்டு சொல்லுறவை," என்றார்.

"அவங்கள் போட்ட உப்பை நான் சாகும்வரைக்கும் மறக்க ஏலாது."

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு நான் அழுதேன். தாச்சிக்காக அழுதேன், வேறொன்றுக்கும் இல்லை. பிழை செய்தேன் என்று அழவில்லை, அதை எழுதியே வைக்க வேண்டும்.

12 அக்டோபர், வியாழன்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கிழங்கு உரிக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். அடுப்புக்குக் கிட்டப் போக இன்னும் விடவில்லை. இங்கே உப்பே போடமாட்டார்கள், பாவம் கிழடுகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகின்றன. இங்கேயும் சண்டை பிடித்துவிட்டேன், கொஞ்சமாவது போடுங்கள் என்று. உப்பு வேண்டாம் என்று நான் எந்தக் காலத்தில் சொன்னேன்?

10 மார்ச் 2007, சனி

மறுபடி தவக்காலம்.

ரயிலுக்கு நேரமிருந்தது. அந்தப் பக்கமாக நடந்தேன். வாசலில் டிராகனுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பலகை. 'புதியது: ஒரிஜினல் சீன வெள்ளைச் சோறு, எங்கள் பாரம்பரிய முறையில்.'

அவங்கட பாரம்பரியமாம். எந்தப் பாரம்பரியம்? என்ர குக்கர் அவங்கட பாரம்பரியமோ?

உள்ளே போனேன். இறைச்சி வேண்டாம், வெள்ளைச் சோறு மட்டும் என்றேன். தாச்சிக்கு முன்னால் நின்ற பெடியன் ஒரு கோப்பை வைத்தான். ஒரு வாய் எடுத்தேன். உப்பும் சூப்புத் தூளும்.

கோப்பையைத் தள்ளி வைத்தேன். "இது ஒரிஜினல் இல்லை. உப்புப் போட்டிருக்கிறீர்கள்."

பெடியன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். பிரௌ கெஸ்லர் உள்ளேயிருந்து வந்தார், என்னைக் கண்டு நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து ஜன்னலோரத்தில் கதிரை இழுபட்ட சத்தம். கிழங்குக் கிழவர். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவர் சொல்வது சரி," என்றார். "போன வருடம் இப்படி இல்லை."

நான் நிற்கவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் இவர், ஏன் பிந்தினது என்று கேட்டார்.

"ஒரு கோப்பைச் சோத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வாறன்."

14 மார்ச், புதன்

பிரௌ கெஸ்லர் தொலைபேசியில். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவேன் என்று கேட்டார். சொன்னேன். உப்பு எவ்வளவு என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு சிட்டிகையும் இல்லையா என்றார். இல்லை.

பிறகு, திரும்பி வருவீர்களா, தாச்சி இருக்கிறது என்றார்.

"வாளி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அதை வெளியே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்," என்றேன். "பேரையும் முழுதாகத் தையுங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டு அரிசி கழுவப் போனேன்.