அழவிட்டுப் பார்த்தவளுக்கு

இன்று காலை நர்ஸ் ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தாள். குழந்தையின் உடம்பில் சில்லென்று படக்கூடாதாம். "அந்த மேடம் இப்படித்தான் வைக்கச் சொல்வாங்க." நீ போன பிறகும் அம்பத்தூரில் இந்த ஸ்கேன் அறை உன் பேச்சைத்தான் கேட்கிறது. எனக்கு வயிறு எரிகிறதடி.

ஒன்றாகப் படித்தோம், ஒரே மெஷினில் முறை வைத்துப் பார்த்தோம். நான் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பேன். தாய்மார்களோ பட்டாபிராமிலிருந்து நீ வரும் ரயிலுக்காக வெளியே காத்திருப்பார்கள்.

கோவில்பதாகையிலிருந்து வந்த அந்தக் கைக்குழந்தை. கன்னத்தில் எலுமிச்சை அளவு கட்டி, தோலில் நிறமாற்றம் எதுவும் இல்லை. புற்றாக இருக்குமோ என்று பயந்து, சர்ஜன் மறுநாளே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தார். வழக்கம்போல் தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தேன். நீர்க்கட்டி இல்லை, சதைபோல் கெட்டியாகத் தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ள மூஞ்சிய அறுத்துடுவாங்களாம்மா? இன்னா பண்றதுன்னே தெர்லயே."

நீ வந்தாய். குழந்தை விழிக்கும்வரை தாயின் மடியிலேயே விட்டாய். பசியில் வீறிட்டதும் பால் கொடுக்கப் போனவளைத் தடுத்தாய். "கொஞ்சம் அழட்டும்மா." அழ அழக் கட்டி திரையில் உப்பியது. நீ கையிலிருந்த ஸ்கேன் புரோபால் மெல்ல அழுத்தியதும் வடிந்தது, விட்டதும் நிரம்பியது.

"ரத்தக்குழாய்க் கட்டிடி. கத்தி வெச்சா ரத்தத்த நிறுத்த முடியாது. வளர வளரத் தானாச் சுருங்கிடும்," என்று சொல்லிவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்தாய். அந்த அம்மா உன் காலில் விழுந்தாள். நான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதால் அந்தக் கட்டி உப்பும் என்று நானும்தான் படித்திருந்தேன். உன்னைவிட மார்க்கும் அதிகம்! குழந்தை அழுவதுதான் எனக்குப் பொறுக்காது. இப்போது நானும் அழவிட்டுத்தான் பார்க்கிறேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

போன வாரம் அந்த அம்மா வந்தாள். பள்ளிச் சீருடையில் பையன், கன்னத்தில் லேசான சுருக்கம் மட்டும். "அந்த டாக்டரம்மா இல்லியா? புள்ளய காமிச்சிக்கினு போலாம்னு வந்தேன்." நீ இறந்துபோனதைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, பெற்றவளைப் பறிகொடுத்தவள்போல் அழுதாள்.

உனக்காக நானும் நிறைய அழுதிருக்கிறேன். ஆனால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எனக்காக இப்படி அழ ஒருத்தியாவது வருவாளா என்றுதான் நினைத்தேன்.