நெல் காயப்போட்ட இடத்தில் ஒரு தெரு

மைனி,

காலையிலிருந்து சுண்ணாம்பு வேகிற வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் அண்ணன் மகன் உங்கள் வீட்டுக்கு மேலே மச்சு எடுக்கிறான். குழியில் தண்ணீர் விட்டதும் கிளிஞ்சல் சீறிக்கொண்டு பொங்குகிறது. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த நெடியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தோன்றுகிறது. தரையில் அவ்வளவு இடம் கிடக்க அவன் ஏன் மேலே கட்டுகிறான் என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டினேன். இதையும் நானே உரக்கச் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே குடிவந்தபோது நெல்வயலின் ஈரம்கூட முழுக்கப் போயிருக்கவில்லை. கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய சமயம். என் வீட்டுக்காரருக்குச் சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. பாளையங்கோட்டை மிஷன் காம்பவுண்டில் வேப்பமரமும் வெட்டவெளியுமாக வளர்ந்த நான், ஸ்டேஷனுக்கு மேற்கே இந்தச் சந்தைப் பார்த்து முதல் நாள் அழுதேன். ஆழ்வார்குறிச்சிப் பண்ணையார் ஒருவர் தம் வயலைத் துணி கிழிக்கிற மாதிரி நீளநீளமாகக் கிழித்து விற்றிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க வழியில்லை. பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. நம் அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வரிசைக்காரர்களின் அடுப்பு. இரண்டே வருஷத்தில் முப்பதுக்கு மேல் குடும்பங்கள் வந்து அடைந்துவிட்டன. மேற்கே பேட்டை ரோட்டில்தான் சந்தின் வாய். கிழக்குக் கடைசியில் உங்கள் வீடு, மூடி போட்டாற்போலக் குறுக்கே நின்றது.

உங்களிடம் மட்டும் இரண்டு துண்டு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் களம். நீங்கள் நெல் அவித்து, நாலு பெண்களை வைத்துக் குத்தி, அரிசி விற்றீர்கள். என் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். விடிந்ததிலிருந்து உலக்கைச் சத்தம் அந்தச் சுவர் வழியாக என் தலைக்குள் இறங்கும். ஒரு நாள் அதைச் சொல்லி நான் சலித்துக்கொண்டேன். நீங்கள் கோபப்படவில்லை. ஊரில் புருஷன் போன பிறகு தோப்புக்குள் தனி வீட்டில் எட்டு வருஷம் இருந்ததாகச் சொன்னீர்கள். "பக்கத்துல ஆள் இருமுத சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வருது, குமாஸ்தா வீட்டம்மா. அதுக்குத்தான் இங்கன வந்தேன்." இப்படி நெருக்கியடித்து இருப்பதை ஒருத்தி விரும்பித் தேடி வருவாள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் சண்டையையும் எழுதத்தான் வேண்டும். என் தம்பி கல்யாணமாகி இடம் தேடிக்கொண்டிருந்தான். உங்கள் களத்தில் ஒரு ஓரம் கொடுத்தால் அவனும் பக்கத்திலேயே இருப்பான் என்று கேட்க வந்தேன். எனக்கு முன்பே ஐந்தாறு பேர் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நெல்லு காயணும்லா என்று மட்டும் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நெல்லுக்கு இருக்கிற இடம் மனுஷருக்கு இல்லையா என்று, அந்த நாலு பெண்களும் கேட்க, வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் ஐந்து மாதம் உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளை வளர்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வார்த்தை கேட்க நான் இடம் கொடுக்கவில்லை.

ஆனி மாதம் மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் மதியம். என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். என் அம்மா மருந்து வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். வெளியே மேல்காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அப்போது சந்தில் ஒன்றிரண்டு வீடு தவிர எல்லாம் ஓலைக்கூரைதானே. சந்தின் வாயில் இருந்த முதல் வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்திருக்கிறது. சத்தம் கேட்டு நான் எழுந்து உட்காருவதற்குள் காற்று அதைக் கூரை கூரையாகத் தூக்கிக்கொண்டு கிழக்கே வந்துவிட்டது. எல்லோரும் தீயிலிருந்து ஓடி உங்கள் பக்கம் வந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. எதிர்வீட்டுக் கூரை சரிந்து என் வாசலை அடைத்து எரிந்தது. கதவுக்குக் கீழே புகை நுழைந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஜெபத்தின் முதல் வார்த்தையைத் தேடினேன். வரவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் கேட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"ஏட்டி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்கன மூலைக்குப் போ. சுவரை இடிக்கேன்."

அதுவரை குமாஸ்தா வீட்டம்மாவாக இருந்தவள் அந்த நிமிஷத்தில் ஏட்டி ஆனேன். சொந்த அண்ணன் மனைவி போல நீங்கள் எனக்கு மைனி ஆனீர்கள். கடைசிவரை அப்படியேதான் இருந்தோம்.

இடி முதலில் பைய விழுந்தது. பிறகு பலமாக. நான் சலித்துக்கொண்ட அதே உலக்கை. செங்கல் ஒன்று என் கட்டில்மேல் வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் உங்கள் கை வந்தது. என்னை அந்த ஓட்டை வழியாக இழுத்தபோது என் தோளில் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்குள் நான் பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் முதன்முறை பார்ப்பது போலவே இருக்கிறது. சந்து முழுவதும் அங்கே நின்றது. கிழவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், ஒரு கன்றுக்குட்டி. களத்துக்குப் போக இருந்ததோ ஆள் குனிந்து நுழைகிற ஒரே கதவு. அதில் ஆட்கள் நெரிந்து, முன்னால் போனவர்களும் போக முடியாமல் சிக்கியிருந்தார்கள். முன்கூரையில் தீ பிடித்தாயிற்று. நீங்கள் கத்தவில்லை. உங்களிடம் நெல் குத்தும் நாலு பெண்களையும் பின்சுவருக்கு முன்னால் நிறுத்தினீர்கள். நீங்களும் சேர்ந்துகொள்ள, தினமும் குத்துகிற தாளத்திலேயே ஐந்து உலக்கையும் மாறி மாறி அந்தச் சுவரில் விழுந்தன. நீங்கள் காசு சேர்த்துச் சேர்த்துக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத சுவர். அது பொலபொலவென்று விழுந்ததும் களத்து வெயில் வீட்டுக்குள் பாய்ந்தது. அந்த வெளிச்சத்தைப் போல ஒன்றை நான் அதன்பின் பார்க்கவில்லை.

எல்லோரும் உங்கள் நெல்லை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அவித்துக் காயப்போட்டிருந்த சூடான நெல் என் பாதத்தில் ஒட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நீங்களும் மறுபக்கம் மூன்றாம் வீட்டுப் பெண்ணுமாக என்னைத் தாங்கிக்கொண்டு நடந்தீர்கள். பிள்ளை உங்கள் முந்தானையில் கட்டிக் கிடந்தாள். வாய்க்கால் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது உங்கள் வீடு எரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஆடு கோழி போயின. மனிதர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் என் பிள்ளையின் முகத்தில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டே, மூக்கு உன்னை மாதிரி இல்லையே என்றீர்கள்.

பிறகு எல்லோரும் ஓட்டுக்கூரை போட்டார்கள். சந்து ஆண்கள் கூடி, உங்கள் வீட்டை இருந்தபடியே குறுக்கே கட்டித் தருகிறோம் என்று வந்தார்கள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். வடக்கே பாதியில், என் சுவரோடு ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு போதும். தெற்குப் பாதி வழியாகக் கிடக்கட்டும். களத்திலும் அப்படியே ஒரு பாதி. அரிசி வியாபாரம் என்னாகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குறையத்தான் செய்யும் என்றீர்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மறுபடி அடைச்சா மறுபடி இடிக்கணும்லா. எனக்கு வயசாகுது."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரும் கேட்காமல், யாரும் எழுதி வாங்காமல், ஒருத்தி தன் நிலத்தில் பாதியைச் சிரிக்கும்படியான ஒரு பேச்சில் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

அந்த வழி என்னவெல்லாம் ஆனது! பேட்டை ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு அதுவே குறுக்குவழியாயிற்று. சந்து என்ற பேச்சு போய்த் தெரு என்றார்கள். மேற்கே இன்னும் நாலு வரிசை வீடு எழும்பியது. வாழைத்தார்க்காரர்கள், நெசவுக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள். ரயில் நேரத்தில் வாசலில் நின்றால் ஆற்றில் வெள்ளம் வருகிற மாதிரி ஜனம் வரும். இத்தனை பேரும் இத்தனை சின்ன இடத்தில் எப்படி உண்டு, உறங்கி, குளித்து, வெளுத்த துணியோடு வெளியே வருகிறார்கள் என்று நான் மலைத்து நிற்பேன். நீங்கள் மிச்சக் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு, போகிறவர்களிடமெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்பீர்கள். மிதித்துவிட்டுப் போகிறவர்களைக்கூடத் திட்ட மாட்டீர்கள்.

போன வருஷக் காய்ச்சலில் வீட்டுக்கு வீடு கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள்தான். எனக்கும் கொடுத்தீர்கள். பிறகு நீங்கள் படுத்தபோது நான் எழ முடியாமல் கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நானும் இருமினேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்று வராத இருமலைக்கூட இருமினேன். மூன்றாம் நாள் உங்கள் பக்கம் சத்தம் இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது கூட வர என்னால் முடியவில்லை. தெருவே வந்தது என்று சொன்னார்கள்.

உங்கள் அண்ணன் மகன் பத்திரத்தோடு வந்தான். பத்திரப்படி வழியும் உங்கள் இடம்தானே. அதை அடைத்து வாடகை அறைகள் கட்டப்போவதாகச் சொன்னான். நல்ல பையன்தான், மைனி, தெரியாமல் சொன்னான். தெருக்காரர்கள் சத்தம் போட வந்தார்கள். நான் அவர்களைப் போகச் சொல்லிவிட்டு அவனை என் வீட்டுக்குள் கூப்பிட்டேன். கட்டிலை நகர்த்தி, சுவரில் அந்த ஓட்டையை அடைத்துப் பூசிய இடத்தைக் காட்டினேன். என் தோளைக் காட்டினேன். மகளைக் கூப்பிட்டு அவன் முன்னால் நிறுத்தினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஊரில் உங்களைப் பிடிவாதக்காரி என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுந்துபோய் வழியில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக இரண்டு தடவை நடந்தான். சாயங்கால ரயிலுக்குப் போகிற கூட்டம் அவனை இடித்துக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து, "அத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே, சித்தி" என்றான். மறுநாள் கொத்தனாரிடம் மேலே கட்டச் சொன்னான்.

போன மாதம் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் பேட்டையில் வீடு கட்ட மனை வாங்கி, எங்களையும் கூட்டிப்போனார். கயிறு பிடித்து அளந்தார்கள். பின்னால் ஒரு முழம் விடாமல் கடைசிவரை சுவர் வருகிற மாதிரி கோடு போட்டிருந்தார்கள். ஆண்கள் பேசுகிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். பின்னால் வழி விடுங்கள் என்றேன். எவ்வளவு விட வேண்டும் என்று அவர் கேட்டார். முழக்கணக்கு எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்று மூன்று நாளான ஒருத்தியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போகிற அகலம் என்று சொன்னேன்.