வாசல் எந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

அனல் காற்று. காலை ஷிப்டு சங்கு ஊதும்போதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் கரித்தூள். மனைவி கமலாவின் முறையீடு, வழக்கம்போல். பதில் மனு தாக்கல் செய்யவில்லை.

திட்ட அலுவலகத்தில் கூட்டுக் கூட்டம். ரயில்வேயினர் ஒரு புறம், விமானத் தளத்தினர் மறுபுறம். சுரங்க நிறுவனத்தின் சட்ட அலுவலர் என்ற முறையில் நான், நடுவில், தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால். பொருள்: இப்போதுள்ள சிறிய விமான முனையத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது, கடலூர்-விருத்தாசலம் பாதையிலிருந்து ஒரு கிளை இழுத்து, ரயிலை விட்டு இறங்கும் பயணி நேரே முனையத்துக்குள் நுழையும்படி செய்வது. நோக்கத்தில் குறை காண முடியாது. பெட்டி படுக்கையோடு பேருந்தில் தொங்கி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

விவாதத்தில் பெரும்பகுதி நடைமேடைக் கூரை எங்கே முடிய வேண்டும் என்பது பற்றி. ரயில்வே பொறியாளர்: "எங்க எல்லைக்கு வெளிய ஒரு அடி கூரை வந்தாலும் அது உங்க செலவுங்க." விமானத் தளத்தினர்: "மழை உங்க எல்லை பாத்துப் பெய்யுமா சார்?" சிரிப்பு. நகரும் படிக்கட்டின் மின்கட்டணம் யாருடையது என்பதில் தேநீர் ஆறியது.

எனக்கு ஒதுக்கப்பட்ட பணி: நில வரைபடத்தில் முனையத்துக்குக் கிழக்கே கோடிட்டுக் காட்டியுள்ள பகுதி "காலி நிலம்" என்று சான்றளிப்பது. எதற்கான நிலம் என்ற குறிப்பு வரைபடத்தில் இல்லை. ரயிலுக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

காலி நிலமன்று என்பது என் நினைவு. சுரங்கத்துக்காக வேலங்குப்பம் எடுக்கப்பட்டபோது அந்த ஊரார் சிலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். நினைவு சாட்சியம் ஆகாது. நேரில் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, பச்சைக் கொத்தமல்லி, பேனா ரீபிள்.

ஜூன் 5, வியாழன்

வெயில் குறையவில்லை. நேரில் சென்றேன்.

வீடுகள் இருக்கின்றன. ஓட்டு வீடுகள், சில தளம் போட்டவை, ஒரு சிறு மாதா கெபி, தண்ணீர்த் தொட்டி. காலி நிலம் என்று எழுதியவர் காரை விட்டு இறங்கியிருக்க மாட்டார்.

முதல் வீட்டில் ஆரோக்கியமேரி. முனையத்தில் காண்டிராக்ட் துப்புரவுப் பணி. கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டே எனக்கு வணக்கம் சொல்கிறவள். கணவர் இல்லை. மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கிடைத்த நாளில் கிடைத்த வேலை.

"வக்கீல் சாரு எங்க இந்தாண்ட? உக்காருங்க சார், ஃபேனாண்ட உக்காருங்க."

ஆவணங்களைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக வைத்திருந்தாள். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை. எல்லாவற்றிலும் முகவரி வேலங்குப்பம். அந்த ஊர் இன்று சுரங்கப் பள்ளம். இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு: அதே முகவரி. இந்த இடத்தின் பெயர் தாங்கிய ஒரு துண்டுக் காகிதம்கூட எவரிடமும் இல்லை. பட்டாவும் இல்லை. பட்டா கேட்டு விண்ணப்பித்தால் புது முகவரி எழுத வேண்டும். ஆகவே ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

"இத்தனை வருஷமா ஏன் மாத்தலம்மா?"

"மாத்துனா வேலை போயிடும்னாங்க சார். நெலம் குடுத்தவங்களுக்கு வூட்டுக்கு ஒரு பர்மனென்ட்டு வேலைன்னு லிஸ்ட்டு கீதுல்ல, அது வேலங்குப்பத்தாருக்கு. வேற ஊருன்னு எழுதிட்டா நீ எந்த ஊரோ போன்னுடுவான்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லிக்கினு இருந்தாங்க."

அப்படி ஒரு விதி இல்லை. தேடிவிட்டேன். இருந்ததே இல்லை. பட்டியலில் இடம் போய்விடும் என்ற அச்சத்தில், தாங்கள் இங்கே வாழ்வதற்கான சாட்சியத்தை இவர்களே ஆண்டாண்டாக அழித்திருக்கிறார்கள். முன்யோசனை என்று எண்ணிச் செய்த காரியம்.

சட்ட விளைவு, எனக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்: ஆவணப்படி இங்கே எவரும் குடியிருக்கவில்லை. ஆகவே ஆக்கிரமிப்பு. ஆகவே மாற்று மனை கிடையாது, வீட்டுக்கு இழப்பீடு கிடையாது. ஒரு முறை ஊரை இழந்தவர்களுக்கு இரண்டாம் முறை மாற்று இடம்கூட இல்லை.

எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். சர்க்கரை கூடுதல். குடித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மேகம் கூடியது; பெய்யவில்லை.

சென்னையிலிருந்து வந்திருக்கும் கட்டட வரைஞர் சுதர்சனுடன் தளத்தில் ஒரு மணி நேரம். இளைஞர், நேர்மையாகப் பேசுகிறார். என் கேள்வி ஒன்றுதான்: முனையத்துக்குத் தெற்கே ஓடுபாதை, அது நகராது. மேற்கே கைவிடப்பட்ட கரி சைடிங், அதாவது கரி வண்டிகளின் கிளைப் பாதை, தண்டவாளம்கூட இன்னும் கிடக்கிறது. வாசலை மேற்கே வைத்தால் ரயில் அதிலேயே வந்து நின்றுவிடாதா?

"நின்னுடும் சார். இன்னும் நல்லா இருக்கும். இறங்கினா எதிர்லயே செக்-இன். லெவல் கிராசிங் கிடையாது, கூரையும் சின்னது. நானே முதல்ல அப்படித்தான் வரைஞ்சேன்."

"பிறகு?"

"கிழக்கதான் மெயின் ரோடு. வி.ஐ.பி. கார் வந்து நிக்கிற போர்ட்டிகோ அங்க வரணும்னாங்க. வாஸ்துவும் கிழக்குன்னுடுச்சு. ரோடும் வாஸ்துவும் ஒண்ணு சேர்ந்துட்டா, அதுக்கப்புறம் இன்ஜினியரிங் எதுக்கு சார்?"

ஆக, வாசல் கிழக்கே. மேற்கிலிருந்து வரும் ரயில் வடக்கே சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து போர்ட்டிகோவுக்கு எதிரில் நிற்க வேண்டும். ஒரு வாசல் திரும்பினால் அத்தனை வீடுகளும் நிற்கும்.

முனைய வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புது முனையத்தின் மாதிரி. சிறு சிறு கார்கள், பச்சைப் பஞ்சு மரங்கள், கையசைக்கும் பொம்மை மனிதர்கள். ரயில் இல்லை. பெட்டியைத் தினமும் துடைப்பவள் ஆ.மேரி.

கமலா: "என்ன, சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீய?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லன்னா சாப்பிடுங்க."

ஜூன் 9, திங்கள்

பொது மேலாளரைச் சந்தித்தேன். (இனி பொ.மே.) வாசலைப் பற்றி மூன்று பக்கக் குறிப்பு கொடுத்தேன். முழுவதும் படித்தார். அதை மறுக்க முடியாது.

"நீங்க சொல்றது சரிதான், வக்கீல் சார். ஆனா டிசைன் அப்ரூவ் ஆயிடுச்சு. இப்ப வாசலத் திருப்புனா மறுபடி முதல்லேர்ந்து. அதுக்குள்ள திட்டமே வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் ரயிலும் இல்ல, பிளேனும் இல்ல."

வீடுகளைப் பற்றிச் சொன்னேன்.

"நான் உங்களப் பொய் எழுதச் சொல்லல. ஆவணத்துல என்ன இருக்கோ அத மட்டும் எழுதுங்க."

முப்பது ஆண்டுகளாக நான் பிறருக்குச் சொல்லி வந்த வாக்கியம்.

வரைவு 1: "ஆவணங்களின்படி மேற்படி நிலத்தில் குடியிருப்போர் எவரும் இல்லை." உண்மை.

வரைவு 2: மேற்படி வாக்கியம், அதனுடன், "ஆயினும் நேராய்வில் குடும்பங்கள் வசிப்பது காணப்பட்டது." இதுவும் உண்மை. இரண்டாவதையே அனுப்பினேன்.

ஜூன் 11, புதன்

மாலை லேசான தூறல். மண் வாசனை இல்லை, கரி வாசனை.

வரைவு திரும்பி வந்தது. பொ.மே.யின் பென்சில் குறிப்பு: "இரண்டாம் வாக்கியத்தை இணைப்புக்கு மாற்றலாமே?"

ஒரு வழி இருக்கிறது. நில எடுப்பு அறிவிப்பு வெளியாகும் முன் அவர்கள் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பிரமாணப் பத்திரமும் இணைத்தால், குடியிருப்பு ஆவணத்தில் ஏறும். ஒரு நாள் முந்தினாலும் போதும். முனையத்தில் ஆ.மேரியைக் கண்டு இதைச் சொன்னேன். சொல்வது என் பதவிக்கு ஒவ்வாது, தெரிந்தே சொன்னேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஊரு பேர மாத்துனா பையன் வேலை போவாதுங்களா?"

"போகாது."

"நீங்க சொல்றீங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். எல்லார்கிட்டயும் நானே காமிச்சு மாத்த வெக்கிறேன். நாளைக்கே எல்லாரும் போறோம்."

கேட்டது நியாயம். ஆனால் வேலைப் பட்டியல் என் துறையின் கீழ் வருவதன்று. நான் எழுதித் தந்தால் அது அதிகாரமில்லாத உத்தரவாதம். நாளை பட்டியலில் எவருக்கேனும் இடம் தவறினால் அந்தக் காகிதம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. என்னை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

"எழுதித் தர எனக்கு அதிகாரமில்லம்மா."

அவள் குரலில் கோபம் இல்லை.

"உங்களுக்கே பயமா கீது. எங்கள மட்டும் மாத்தச் சொல்றீங்க. விடுங்க சார்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாம் வாக்கியம் இணைப்புக்கு மாற்றப்பட்டது. கையொப்பமிட்டேன். இணைப்பும் சான்றின் பகுதியே. சட்டப்படி குறை ஏதுமில்லை.

கமலாவிடம் முழுவதும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "எழுதிக் குடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பாக, தூக்குலயா போட்ருப்பாக?" கத்தரிக்காய்க் கூட்டு. உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

ஜூன் 18, புதன்

வெக்கை. மின்தடை இரு முறை. மின்சாரம் தயாராகும் ஊரில்.

அறிவிப்பு வெளியாயிற்று. "ஆவணங்களின்படி மேற்படி நிலத்தில் குடியிருப்போர் எவரும் இல்லை" என்ற என் வாக்கியம், அப்படியே. இணைப்பு சேர்க்கப்படவில்லை. கேட்டேன். "அது உள் உபயோகத்துக்கு சார்" என்றார் பிரிவு எழுத்தர். குடியிருப்போர் இல்லை என்பதால் வீடுகளில் நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை. முனையத்துப் பலகையில் ஒரு பிரதி.

பலகையைத் துடைக்கும்போது ஆ.மேரி அதைப் படித்திருக்கிறாள். நான் உள்ளே போனபோது கதவைத் திறந்துவிட்டாள், எப்போதும்போல்.

"எவரும் இல்லைன்னு போட்டுருக்கு. நான் யாரு சார், பேயா?"

பலகைப் பக்கம் திரும்பினேன்.

"சரி, அத விடுங்க. ரயிலு எங்க வூட்டு மேலதான வரும்? என் வூடு கீற எடத்துல எந்தப் பெட்டி சார் நிக்கும்? லேடீஸ் பெட்டியா? எந்தப் பெட்டின்னு தெரிஞ்சா, நாளைக்கு என்னிக்காவது ஏறுறப்போ தெரியும்ல, இதான் நம்ம அடுப்பாங்கரைன்னு."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

கட்டட வரைபடம் என்னிடம் இல்லை. சுதர்சனைத் தொலைபேசியில் அழைத்து, முதல் வீட்டின் இருப்பிடத்தைச் சொல்லி, அங்கே எந்தப் பெட்டி நிற்கும் என்று கேட்டேன்.

"அங்க ரயிலே வராதே சார். ரயில் இப்ப இருக்கற கார் பார்க்கிங்லயே அடங்கிடும். அந்தக் கார் பார்க்கிங்குக்கு மாத்து இடம் தரணும்ல, அதுக்குத்தான் அந்த நிலம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நாளை காலை ஷிப்டில் ஆ.மேரி. கேட்பாள்.