கறுப்பி சோழவரம் போய் வந்தாள்

என் உயிரோடு ஒட்டிக் கிடக்கும் மாப்பிள்ளை செல்லையாவுக்கு,

களைப்பாக இருக்கிறது. முதல் வரியாக இதுதான் எழுத வருகிறது, என்ன செய்ய. பட்டாசு சீசன் முடிந்தும் வேலை முடியவில்லை. மருந்து அறைகளைக் கழுவி, சாக்குகளை உதறிக் காயப்போட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. நீ இருந்தவரை பாதி வேலையை உன் தலையில் கட்டிவிட்டு நான் சாய்ந்து கிடப்பேன். இப்போது இரண்டு பாதியும் என் தலையில். இப்படியா மாப்பிள்ளை ஒருத்தனை அம்போ என்று விட்டுவிட்டுப் போவாய்?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைக் கோட்டிக்காரன், கிறுக்கன் என்று சொன்னவர்களும் படிக்கட்டும். செய்தி இதுதான். உன் கார் கறுப்பி சோழவரம் போய்விட்டு முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள். ஓட்டியவன் நான்.

சிரிக்காதே. சாத்தூருக்கே பஸ்ஸில் போகிறவன் எப்படி மெட்ராஸ் வரை போய், அந்தப் பழைய விமானத் தளத்தில் கார் ரேஸ் ஓட்டினான் என்றுதானே கேட்கிறாய்? எல்லாம் உன் பொண்டாட்டி செய்த வேலை. அவள் என் தங்கைதான், ஆனால் இந்த விஷயத்தில் உன் பொண்டாட்டி.

புரட்டாசியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. துட்டி கேட்க வந்தவர்கள் கொட்டகையில் நின்ற கறுப்பியைப் பார்த்தார்கள். ரேசுக்கென்று நீ பின்சீட்டையும் சக்கர மூடிகளையும் கழற்றிப் போட்டதில், பாதி உரித்த கோழி மாதிரி நின்றாள். "நல்ல மனுசந்தான். வேட்டு யாவாரிக்கு ரேசு எதுக்குங்கேன்? கோட்டி புடிச்சுல்லா அலைஞ்சாக" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். தங்கை பொன்னுத்தாய் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அழவில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, சோழவரத்துல புதுசா ஓட்டுறவுகளுக்குன்னு ஒரு நாள் விடுறாகளாமே, அதுக்கு அவுக பேரு குடுத்திருக்காகள்ல. நீங்க போயி ஓட்டிட்டு வாங்க."

"நானாம்மா? வேற ஆளா கெடைக்கல?"

"அந்த வண்டி ஒரு தடவ அங்கன ஓடணும். ஓடாம கொட்டகையிலேயே கெடந்துச்சுன்னா, இவுக சொன்னது நிசமாயிரும்ணே. அவுக கோட்டி இல்ல." இதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

பயம் எனக்குக் காரைப் பற்றி இல்லை. நம் ஊர் வியாதியைப் பற்றித்தான். வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியாது என்பதற்காகச் சொல்கிறேன். பட்டாசு அறையில் வேலைக்கு வருகிறவனுக்கு முதல் பாடம், சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடு என்பதுதான். என்ன சத்தம், எங்கே சத்தம் என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. நின்று பார்த்தவன் வீடு திரும்பியதில்லை. உயிரோடு இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் ஓடிப் பிழைத்தவர்கள்தான். அந்த ஓட்டம் புத்தியில் இல்லை, காலில் இருக்கிறது.

ஆமத்தூர்க் கண்மாய் காய்ந்து கிடந்த கோடை நினைவிருக்கிறதா? கறுப்பியில் வேகமாகப் போய், ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தாய். சைலன்சர் டமார் என்று வெடித்தது. திரும்பிப் பார்க்கிறேன், உன் சீட்டில் ஆள் இல்லை. நீ முள்ளுக்குள் உருண்டு கிடக்கிறாய். இதை நான் பார்த்ததே மறுபக்கம் தரையில் கிடந்துகொண்டுதான். கறுப்பி மட்டும் ஆளில்லாமல் பொறுமையாகப் போய் ஒரு கருவேலமரத்தில் முட்டி நின்றாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து, "ஏலே, மாடுன்னாலும் மூக்கணாங்கயிறு இருக்கும். இத எதப் புடிச்சுலே நிறுத்த?" என்று கேட்டார். முள் எடுத்துக்கொண்டே எம்புட்டு நேரம் சிரித்தோம்!

மறுநாளே ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைச் சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாய். "வண்டியத் தயார் பண்றது பெரிய வேல இல்ல மச்சான். இந்தக் கழுத ஒடம்பத் தயார் பண்றதுதான் பெருசு. சத்தம் வந்தா கதவப் பாக்காத. தூரத்தப் பாரு" என்பாய். சொன்னாயே தவிர, கயிறு இல்லாமல் நீ ஒரு நாளும் ஓட்டியதில்லை.

நீ விட்ட இடத்திலிருந்து நான் தொடங்கினேன். ஒர்க்‌ஷாப் காசி பிரேக் கட்டைகளை மாற்றினான், ரேடியேட்டரைக் கழுவினான், எண்ணெய் மாற்றினான். டயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று. சாவதானமாக மிதித்துப் பழகியவனுக்கு, பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்தி மிதிக்கப் பழகுவதற்குள் தொடை வீங்கிவிட்டது. பகலெல்லாம் கம்பெனி, பொழுது சாயும் நேரத்தில் ஆனைக்குட்டம் ரோடு. வேட்டி மிதியில் மாட்டும் என்று உன் பேன்ட்டைப் பொன்னுத்தாய் எடுத்துக் கொடுத்தாள். இதற்கென்றே நீ வாங்கி, போட்டுப் பார்க்காமலே வைத்திருந்த கான்வாஸ் ஷூவையும் கொடுத்தாள். எனக்குப் பெரிசு, பஞ்சு திணித்துக்கொண்டேன். உன் சட்டை துணிமணியைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முகம் கல்லாகவே இருந்தது.

முன்விளக்குக் கண்ணாடி உடைந்தால் ரோட்டில் சிதறக் கூடாது, மேலே ஏதாவது ஒட்டிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பட்டாசு லேபிள் அடிக்கும் நம் அச்சாபீசில் எதற்குப் பஞ்சம்? லேபிள் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டினோம். சோழவரத்தில் வந்து நின்ற கார்களில் ஒரு கண்ணுக்கு மயிலும், இன்னொரு கண்ணுக்குச் சேவலும் வைத்திருந்தது கறுப்பி ஒருத்திதான். கதவில் நம்பர் எழுதிய நம் ஆர்ட்டிஸ்ட்டும் பழக்க தோஷத்தில் அதைச் சுற்றிப் பூவும் நெருப்புப் பொறியும் போட்டுவிட்டான். பார்த்தவர்கள் தீபாவளி வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி நல்ல மனிதர். உள்ளே உருளுகிற சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது என்று ஜாக்கி, ஸ்பேனர், தரை விரிப்பு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் இறக்கினேன். இருக்கன்குடி மாரியம்மன் திருநீற்றை மட்டும் நெற்றியில் பூசிக்கொண்டேன், அது உருளாது. நம் வழக்கப்படி பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்திருந்ததைப் பார்த்து மெச்சினார். அப்புறம் கயிற்றைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"சத்தம் கேட்டா குதிச்சிருவேன்யா. அதான் கட்டியிருக்கு."

"கதவு தொறக்கணும் சார். நெருப்புப் புடிச்சா எப்படி வெளிய ஓடுவீங்க?"

மாப்பிள்ளை, எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. ஓடாமல் இருக்கப் பழக இம்புட்டுத் தூரம் வந்தால், ஓட வழி இருக்கிறதா என்று கேட்கிறார். அவர் சொன்னதும் நியாயம். நீ கட்டிய முடிச்சை நானே அவிழ்த்தேன். உன்னை அன்றைக்குத்தான் முழுசாக இழந்தது போல இருந்தது.

கொடி காட்டினார்கள். நீளமான ரோடு, முடிவில் வைக்கோல் கட்டுகளும் காலிப் பீப்பாய்களும். என்னைத் தாண்டி எல்லோரும் போனார்கள், போகட்டும் என்று விட்டேன். திருப்பம் வந்ததும் காலை எடுத்தேன். டமார்!

வலது கை கதவுக்குப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. கைப்பிடி திரும்பி, கதவு விலகி, காற்று சோவென்று உள்ளே வந்தது. கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. ஒரு கால்கூட எழும்பிவிட்டது. "தூரத்தப் பாருலே!" என்று கத்தினேன். உன்னைத் திட்டினேனா என்னைத் திட்டினேனா, இன்றுவரை தெரியாது. தூரத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கானல். அதையே பார்த்தேன். கதவை இழுத்து அடைத்தேன், பிரேக்கை மிதித்தேன், கறுப்பி சொன்னபடி கேட்டுத் திரும்பினாள். அடுத்த சுற்றிலும் வெடித்தது, கை கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கடைசிச் சுற்றில் வெடித்தபோது கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. கடைசி ஆளாகத்தான் வந்தேன். இறங்கியதும் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து வண்டிக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொன்னுத்தாய் வாசலில் நின்றாள். எத்தனையாவதாக வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"சத்தம் வந்துச்சாண்ணே?"

"வந்துச்சும்மா."

"எறங்குனீகளா?"

"கதவத் தொறந்துட்டேன். எறங்கல."

கறுப்பியைச் சுற்றி வந்தாள். மயிலையும் சேவலையும் பார்த்தாள். கயிறு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடினாள். அப்புறம் உதடு கோணியது.

"அவுகளா இருந்தா எறங்கி ஓடியிருப்பாகண்ணே" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். "சோழவரத்துல இருந்து நம்ம விருதுநகருக்கே ஓடி வந்திருப்பாக. கோட்டி மனுசன்... என் கோட்டி மனுசன்." சிரித்துக்கொண்டே கறுப்பியின் மேல் சாய்ந்தவள், அப்படியே அழுதாள் மாப்பிள்ளை. புரட்டாசியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். நான் தடுக்கவில்லை.

ஊர் இப்போதும் உன்னைக் கோட்டி என்றுதான் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்கிற உரிமை உள்ளவள் சொல்லிவிட்டாள், இனி யார் சொன்னால் என்ன? களைப்பு அப்படியேதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த தடவையும் கறுப்பியைக் கொண்டுபோவேன். கயிறு கட்ட மாட்டேன், உன் ஷூவைப் போட்டுக்கொள்வேன், சத்தம் வந்தால் தூரத்தைப் பார்ப்பேன். அங்கே எங்கேயாவது நின்றுகொண்டிருந்தால் ஒரு கையைக் காட்டு. நீ கையைக் காட்டாவிட்டாலும் இறங்க மாட்டேன், இது சத்தியம்.

கதவை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்,
உன் கூடப் படித்தவன், உன் பொன்னுத்தாயின் அண்ணன்,
உன் மச்சான் வேலாயுதம்