இல்லாத பிரேக்

ஓட்டுநர் சிகாமணி அவர்களுக்கு,

"முன்னாடி போன லாரிக்காரன் சட்டுனு பிரேக் போட்டுட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனது யார்? டிரைவிங் ஸ்கூலில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இடைவெளி விட்டு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கட்டிய புருஷனுக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நீங்கள் லாரியில் மோதியபோது நம் மகளின் கணுக்கால் ஏன் முறிந்தது, தெரியுமா? என் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கையில் உட்கார்ந்தே பழகியவள், உங்கள் காரிலும் இருக்கும் என்று நம்பி, வெறும் தரையை ஓங்கி மிதித்திருக்கிறாள்.

மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு கேட்கிறாள்: "அம்மா, நான் லேட்டா மிதிச்சுட்டேனா? அப்பா திட்டுவாரா?"

லாரிக்காரனை நடுவில் இழுக்காமல், நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா