சாய்ந்த சீவல்

அன்புள்ள தம்பிக்கு,

பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியை நீ தட்டிப் பறித்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் பதிப்பகத்தார் என்னிடம் சரிபார்க்க அனுப்பிய உன் புத்தகத்தில், கண் லென்சைப் போர்த்திய மெல்லிய உறையின் பின்பக்கம், அதாவது பின்னுறையும், வயதோடு நன்றாகத் தடிக்கிறது என்றிருக்கிறது. உறையைச் சுரக்கும் செல்கள் முன்னுறைக்கு அடியில்தான் இருக்கின்றன. அதனால் அதுதான் வாழ்நாளெல்லாம் தடிக்கும். பின்னுறை மெல்லியதாகவே இருக்கும். நீ நுண்ணோக்கியில் வைத்து அளந்த திசுச் சீவல் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது; சாய்த்து வெட்டினால் மெல்லியதும் தடித்துத்தான் தெரியும். "கத்தி சாயுதுடா, கழுதை!" என்று அந்நாளில் ஆய்வகத்தில் நான் கத்தினால், "எனக்குக் கண்ணே சாயுது அண்ணே, ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்பாயே, அதே சாய்வு.

அச்சாவதற்குள் திருத்திவிடு. ஊர் உன்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பொறுக்காது.

கையெழுத்துப் போட்டால் நன்றி சொல்ல வந்து நிற்பாய். மன்னித்துவிட்டேன் என்று நான் பொய் சொல்ல வேண்டிவரும். யாரென்று உனக்குத் தெரியும்; ஆனாலும் பெயரில்லாத கடிதத்துக்கு நன்றி சொல்ல வரமாட்டாய். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.